நிலவைக் குறிவைத்த மைக்ரோசாஃப்ட்: சமூகப் பொறுப்பு என்பது நன்கொடையா, கணக்கா?

ஐ.டி. ஆபீஸ்களில் ‘சிஎஸ்ஆர் டே’ என்றால் காட்சி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சனிக்கிழமை காலை, கம்பெனி லோகோ போட்ட டி-ஷர்ட், ஒரு அரசுப் பள்ளி வளாகம், கையில் மரக்கன்று. குழி ஏற்கெனவே வெட்டித் தயாராக இருக்கும். கன்றை வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு குரூப் போட்டோ. மதியச் சாப்பாட்டுக்குள் அது லிங்க்டுஇன்னில் ஏறிவிடும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பள்ளிக்கு நிழல் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அந்த போட்டோவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. வருஷத்தில் ஒரு நாள் மரம் நடும் கம்பெனி, மீதி 364 நாட்களும் தன் தொழிலை நடத்துவதில் காற்றையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? சமூகப் பொறுப்பு என்பது லாபத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுப்பதா, அல்லது அந்த லாபம் எப்படி வந்தது என்று கணக்குக் காட்டுவதா?

இந்தக் கேள்விக்கு உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஒன்றான மைக்ரோசாஃப்ட் 2020இல் ஒரு பதில் சொன்னது. அந்தப் பதில் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பது இந்தியாவில் வேலை பார்ப்பவர்களுக்கும் சம்பந்தம் உள்ள விஷயம்.

2020இல் என்ன சொன்னார்கள்?

2020 ஜனவரி 16. மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளா, தலைவர் பிராட் ஸ்மித், நிதித் தலைவர் ஏமி ஹூட் ஆகியோர் ஒரு அறிவிப்பை வெளியிட்டார்கள். 2030க்குள் நிறுவனம் ‘கார்பன் நெகட்டிவ்’ ஆகும் என்றார்கள். அதாவது, ஓர் ஆண்டில் தான் வெளியேற்றும் கார்பனைவிட அதிகமான கார்பனைக் காற்றிலிருந்து நீக்கும். அதோடு நிற்கவில்லை. 1975இல் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நேரடியாகவும் மின்சாரப் பயன்பாட்டாலும் வெளியேற்றிய கார்பன் முழுவதையும் 2050க்குள் நீக்கிவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

இதை அவர்களே ‘மூன்ஷாட்’ என்று அழைத்தார்கள். நிலவுக்கு மனிதனை அனுப்பியதைப் போன்ற கடினமான இலக்கு என்று பொருள். நான்கு ஆண்டுகளில் 100 கோடி டாலரைப் பருவநிலைத் தொழில்நுட்பங்களில் முதலீடு செய்ய ஒரு நிதியும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், 2030க்குள் ‘வாட்டர் பாசிட்டிவ்’ ஆவோம், அதாவது பயன்படுத்தும் தண்ணீரைவிட அதிகமாகத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்துகொண்டது.

வெறும் வாய்ப்பேச்சு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2012லிருந்தே மைக்ரோசாஃப்ட் தன் பிரிவுகளுக்கு உள்ளேயே ஒரு ‘கார்பன் வரி’ வசூலித்து வருகிறது. எந்தப் பிரிவு எவ்வளவு கார்பனுக்குக் காரணமோ, அந்தப் பிரிவின் பட்ஜெட்டில் அதற்கேற்பப் பணம் பிடிக்கப்படும். நன்கொடை கொடுப்பதைவிட இது கஷ்டமான காரியம். ஏனென்றால், இங்கே கை வைப்பது சொந்தச் சட்டைப் பையில்.

ஸ்கோப் 1, 2, 3: ஒரு டீக்கடைக் கணக்கு

மேலே போவதற்கு முன் மூன்று சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவனங்களின் கார்பன் கணக்கு ‘ஸ்கோப் 1’, ‘ஸ்கோப் 2’, ‘ஸ்கோப் 3’ என மூன்றாகப் பிரிக்கப்படுகிறது.

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்ளலாம். கடையில் எரியும் கேஸ் அடுப்பிலிருந்து வருவது ஸ்கோப் 1. கடைக்குள்ளேயே எரிகிறது, நேரடிப் பொறுப்பு. லைட், ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு வாங்கும் கரண்ட், எங்கோ ஒரு அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருகிறது. அது ஸ்கோப் 2. பால் கொண்டுவரும் வேன், தேயிலைத் தோட்டம், பேப்பர் கப், கடை கட்டிய சிமென்ட், இரும்பு ஷட்டர் எல்லாம் வேறு யாரோ தயாரித்தவை. ஆனாலும் டீக்கடை இருப்பதால்தான் அவை அங்கே வருகின்றன. இதெல்லாம் ஸ்கோப் 3.

2020 அறிவிப்பில் மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீட்டைப் பாருங்கள். அந்த ஆண்டின் மொத்த உமிழ்வு சுமார் 1.6 கோடி டன். அதில் ஸ்கோப் 1 சுமார் 1 லட்சம் டன், ஸ்கோப் 2 சுமார் 40 லட்சம் டன். மீதி 1.2 கோடி டன்னும் ஸ்கோப் 3. அதாவது, கணக்கில் முக்கால் பங்கு நிறுவனத்தின் காம்பவுண்டுக்கு வெளியே இருக்கிறது.

பல நிறுவனங்கள் ‘நாங்கள் பசுமையாகிவிட்டோம்’ என்று சொல்லும்போது ஸ்கோப் 1, 2 பற்றி மட்டுமே பேசும். மூன்றாவதையும் சேர்த்து வாக்குறுதி கொடுத்ததுதான் மைக்ரோசாஃப்டின் அறிவிப்பைத் தனித்துக் காட்டியது. பின்னாளில் அதற்குச் சிக்கலாக வந்ததும் அதுவேதான்.

பிறகு என்ன ஆச்சு?

செயற்கை நுண்ணறிவு வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. அதை உருவாக்கிய ஓபன்ஏஐயில் மைக்ரோசாஃப்ட் பெரிய முதலீட்டாளர். ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்கவும் ஓட்டவும் பிரம்மாண்டமான டேட்டா சென்டர்கள் தேவை. டேட்டா சென்டர் என்றால் கான்கிரீட், இரும்பு, சர்வர், சிப். எல்லாம் ஸ்கோப் 3.

2024 மே மாதம் வெளியான மைக்ரோசாஃப்டின் நிலைத்தன்மை அறிக்கை இதை ஒளிக்காமல் சொன்னது. 2020ஐ அடிப்படையாக வைத்துப் பார்த்தால், 2023 நிதியாண்டில் ஸ்கோப் 1, 2 சேர்ந்து 6.3 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஸ்கோப் 3 மட்டும் 30.9 சதவீதம் கூடியிருந்தது. மொத்தத்தில் 29.1 சதவீத உயர்வு. குறைய வேண்டிய கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பிராட் ஸ்மித் கொடுத்த விளக்கம் பரவலாகப் பேசப்பட்டது. 2020இல் குறிவைத்தபோது இருந்ததைவிட, ஏஐ வந்த பிறகு நிலவு பல விதங்களில் ஐந்து மடங்கு தள்ளிப் போய்விட்டது என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்பதற்கு நேர்மையான ஒப்புதல்தான். ஆனால் நிலவு தானாக நகரவில்லை. ஏஐ போட்டியில் முன்னணியில் ஓடியவர்களில் ஒருவர் அதே நிறுவனம்தான்.

அடுத்த ஆண்டு, 2025 அறிக்கையில், 2020ஐவிட மொத்த உமிழ்வு 23.4 சதவீதம் அதிகம் என்று வந்தது. இதே காலத்தில் நிறுவனத்தின் மின் ஆற்றல் பயன்பாடு 168 சதவீதமும் வருவாய் 71 சதவீதமும் உயர்ந்ததை அறிக்கை சுட்டிக்காட்டியது. தொழில் வளர்ந்த வேகத்தை ஒப்பிட்டால் கார்பன் கூடியது கொஞ்சம்தான் என்பது நிறுவனத்தின் வாதம்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதே அளவு வேலைக்கு வெளியேறும் கார்பன் குறைந்திருக்கிறது. ஆனால் வளிமண்டலத்துக்கு விகிதாசாரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது மொத்த டன் மட்டும்தான். சம்பளம் கூடியதால் கடனும் கூடியது என்று வங்கியிடம் சொன்னால், வட்டி குறையுமா?

இது மைக்ரோசாஃப்டின் கதை மட்டும் அல்ல. கூகுள் தன் 2024 அறிக்கையில், 2019ஐவிட உமிழ்வு 48 சதவீதம் கூடிவிட்டதாகச் சொன்னது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024இல் உலகின் டேட்டா சென்டர்கள் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தின. இது உலக மின் பயன்பாட்டில் சுமார் 1.5 சதவீதம். 2030இல் இது 945 டெராவாட் மணியைத் தொடும் என்று அந்த முகமை மதிப்பிடுகிறது. அதாவது, இரு மடங்குக்கும் மேல்.

‘100 சதவீதம் பசுமை மின்சாரம்’ என்றால்?

டேட்டா சென்டருக்கு வரும் மின்கம்பியில் சூரிய மின்சாரம் தனியாக, நிலக்கரி மின்சாரம் தனியாக ஓடுவதில்லை. கிரிட்டில் எல்லாம் கலந்துதான் வரும். அப்படியிருக்க, ஒரு கம்பெனி எப்படி ‘நாங்கள் பயன்படுத்துவது முழுவதும் பசுமை மின்சாரம்’ என்று சொல்கிறது?

அது ஒப்பந்தக் கணக்கு. ஓர் ஆண்டில் எவ்வளவு மின்சாரம் பயன்படுத்துகிறதோ, அதே அளவு சூரிய, காற்றாலை மின்சாரத்தை எங்கோ ஓர் இடத்தில் வாங்க ஒப்பந்தம் போடும், அல்லது அதற்கான சான்றிதழை வாங்கும். அந்த ஒப்பந்தங்களைக் கழித்துக் காட்டுவது சந்தை அடிப்படையிலான கணக்கு. உள்ளூர் கிரிட்டில் உண்மையில் என்ன எரிந்தது என்று காட்டுவது இட அடிப்படையிலான கணக்கு.

இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கலாம். பகலில் ராஜஸ்தானில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்துக்கான சான்றிதழை வைத்துக்கொண்டு, நள்ளிரவில் வேறொரு மாநிலத்தில் நிலக்கரி மின்சாரத்தில் சர்வர் ஓட்ட முடியும். காகிதத்தில் அது பூஜ்யம். புகைபோக்கியில் பூஜ்யம் இல்லை.

இந்த ஒப்பந்தங்கள் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் கூடாது. நீண்டகால ஒப்பந்தம் இருந்தால்தான் புதிய சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் சான்றிதழை வாங்குவதும், புதிதாக ஒன்றைக் கட்டவைக்கும் ஒப்பந்தமும் ஒன்றல்ல. அறிக்கையைப் படிப்பவர் தேட வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

அணு உலையும் கார்பன் நீக்கமும்

இலக்கை எட்ட மைக்ரோசாஃப்ட் எடுக்கும் முயற்சிகளும் சாதாரணமானவை அல்ல. 2024 செப்டம்பரில் அமெரிக்க மின் நிறுவனமான கான்ஸ்டலேஷனுடன் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் முதல் அலகை மறுபடியும் ஓடவைத்து, அதன் மின்சாரத்தை வாங்குவதுதான் திட்டம். அதன் திறன் சுமார் 835 மெகாவாட். 1979இல் விபத்துக்குள்ளானது அதே வளாகத்தின் இரண்டாம் அலகு. முதல் அலகு 2019இல் லாபம் இல்லை என்று மூடப்பட்டது.

காற்றிலிருந்து கார்பனை நீக்கும் சேவையை விலைக்கு வாங்குவதிலும் இந்நிறுவனம் முன்னணியில் இருக்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் எக்ஸெர்ஜி நிறுவனத்துடன் 2024இல் போட்ட ஒப்பந்தம் மட்டுமே 33 லட்சம் டன்னுக்கும் மேல். ஆனால் அதில் கார்பன் நீக்கம் பத்தாண்டுகளில் படிப்படியாக நடக்கப் போகிறது. உமிழ்வு இன்று, நீக்கம் நாளை.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கான பருவநிலை நிதி 100 கோடி டாலர். 2025 நிதியாண்டில் மட்டும் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் செலவிடத் திட்டமிட்டதாகச் சொன்ன தொகை சுமார் 8,000 கோடி டாலர். ஒரு நிறுவனம் எதை முக்கியமாக நினைக்கிறது என்பதை அதன் பட்ஜெட் சொல்லிவிடும்.

கணக்கிலேயே வராத ஒன்று

டீக்கடைக்காரர் கேஸுக்கும் கரண்டுக்கும் பாலுக்கும் கணக்கு வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டீ குடித்தவர் அந்தத் தெம்பில் போய் என்ன செய்கிறார் என்பதற்கு டீக்கடைக்காரர் பொறுப்பா?

டீக்கடை விஷயத்தில் இது வேடிக்கையான கேள்வி. கிளவுட் தொழிலில் அப்படி இல்லை. 2019 பிப்ரவரியில் எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவின் பெர்மியன் படுகையில் மைக்ரோசாஃப்டின் கிளவுட் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. அதனால் 2025க்குள் ஒரு நாளைக்கு 50,000 பீப்பாய்க்கு நிகரான அளவு வரை உற்பத்தியைக் கூட்ட முடியும் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது.

அப்படிக் கூடுதலாக எடுக்கப்படும் எண்ணெய் எரியும்போது வரும் கார்பன், மைக்ரோசாஃப்டின் மூன்று ஸ்கோப்களில் எதிலும் வராது. விதிப்படி அது சரி. கிளவுட் மூலம் ஒரு வாடிக்கையாளர் மின்சாரத்தை மிச்சப்படுத்தினால், அந்த நன்மையும் மைக்ரோசாஃப்டின் கணக்கில் வராதுதான். ஆனால் விளம்பரத்தில் முதலாவது வருவதில்லை, இரண்டாவது மட்டும் வருகிறது. சமூகப் பொறுப்பு அறிக்கைகளைப் படிக்கும்போது எது இருக்கிறது என்பதோடு, எது இல்லை என்றும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

சரி, இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

மைக்ரோசாஃப்டின் கார்பன் வாக்குறுதி அந்த நிறுவனமே விரும்பிக் கொடுத்தது. இந்தியாவில் கதை வேறு. இங்கே சிஎஸ்ஆர் செலவு சட்டக் கடமை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் போதும், சட்டம் பொருந்தும். வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியத் துணை நிறுவனங்களுக்கும் இதே விதிதான். முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைக் கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் போன்ற, ஏழாவது அட்டவணையில் சொல்லப்பட்ட பணிகளுக்குச் செலவிட வேண்டும்.

2021 ஜனவரியில் விதிகள் இறுகின. செலவழிக்காத பணத்தை நிறுவனமே வைத்துக்கொள்ள முடியாது. தொடர் திட்டமாக இருந்தால் தனிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். இல்லையென்றால் அரசு குறிப்பிட்ட நிதிக்கு மாற்ற வேண்டும். தவறினால் அபராதம். 2022–23 நிதியாண்டில் நாடு முழுவதும் இப்படிச் செலவான சிஎஸ்ஆர் தொகை ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய். பள்ளிக் கழிப்பறை, மருத்துவமனைக் கருவி, ஏரி தூர்வாருதல் எனப் பலதும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

மரம் நடும் ஊழியர்களுக்கு ஒரு தகவல். சனிக்கிழமை நீங்கள் கொடுத்த நேரத்துக்கு விலை போட்டு, அதைக் கம்பெனி தன் 2 சதவீதக் கணக்கில் சேர்க்க முடியாது. ஊழியர்களுக்கு மட்டும் பலன் தரும் செலவும், விளம்பரத்துக்கான ஸ்பான்சர்ஷிப்பும், கட்சிகளுக்குக் கொடுக்கும் நன்கொடையும் சிஎஸ்ஆர் ஆகாது.

இரண்டு பாதிகள்

இந்தியச் சட்டம் லாபத்தில் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கிறது. லாபம் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. சொந்தத் தொழிலின் வழக்கமான நடவடிக்கைகளை சிஎஸ்ஆராகக் காட்டக் கூடாது என்பதும் விதி. கம்பெனி தனக்குத் தானே செலவு செய்துகொண்டு சேவை என்று சொல்லாமல் இருக்க அது தேவையான விதிதான். ஆனால் அதன் விளைவாக, ஒரு நிறுவனம் ஓர் ஊரின் நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே, பக்கத்து ஊரில் ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வைத்து முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

மைக்ரோசாஃப்டின் வாக்குறுதி இதற்கு நேர் எதிர். சொந்தத் தொழிலையே கணக்குக்குள் கொண்டுவந்தது. ஆனால் தவறினால் அபராதம் இல்லை. ‘நிலவு தள்ளிப் போய்விட்டது’ என்று சொன்னால், கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆக, ஒன்றில் கட்டாயம் இருக்கிறது, சரியான கேள்வி இல்லை. மற்றொன்றில் சரியான கேள்வி இருக்கிறது, கட்டாயம் இல்லை. இந்த இரண்டு பாதிகளும் சேர வேண்டும்.

அதற்கான ஒரு தொடக்கம் இந்தியாவில் இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2022–23 முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி உத்தரவிட்டிருக்கிறது. ஆற்றல், தண்ணீர், ஸ்கோப் 1, 2 உமிழ்வு எல்லாம் அதில் வர வேண்டும். ஆனால் அந்தப் படிவத்தில் ஸ்கோப் 3 விருப்பத் தேர்வாகத்தான் வைக்கப்பட்டது. முக்கால் பங்கு கார்பன் ஒளிந்திருக்கும் இடமே ‘முடிந்தால் சொல்லுங்கள்’ பகுதியில் இருந்தால், மீதிக் கால் பங்கை எவ்வளவு துல்லியமாகச் சொல்லி என்ன பயன்?

சென்னைக்கு இதில் என்ன?

மைக்ரோசாஃப்ட் 2015இல் இந்தியாவில் தொடங்கிய மூன்று கிளவுட் மண்டலங்களில் ஒன்று சென்னை. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரம் என்பதால், அம்பத்தூர், சிறுசேரி பக்கம் வேறு பல நிறுவனங்களின் டேட்டா சென்டர்களும் பெருகிவருகின்றன. தமிழ்நாடு அரசு 2021இல் டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. முதலீடு வருவது நல்லதுதான்.

கூடவே 2019 ஜூன் மாதத்தையும் மறக்கக் கூடாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டுபோன கோடை அது. ஓஎம்ஆர் ஐ.டி. நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

சர்வர்கள் சூடாகும். பல டேட்டா சென்டர்கள் தண்ணீரை ஆவியாக்கித்தான் அந்தச் சூட்டைத் தணிக்கின்றன. ஆவியான தண்ணீர் அந்த ஊருக்குத் திரும்ப வராது. கார்பனுக்கும் தண்ணீருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சென்னையில் வெளியேறும் கார்பனை ஸ்வீடனில் நீக்கினாலும் பூமிக்கு ஒன்றுதான். ஆனால் சென்னையில் எடுத்த தண்ணீரை வேறொரு நாட்டில் திருப்பிக் கொடுத்தால், வேளச்சேரியில் குடத்தோடு நிற்பவருக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. ‘உலக அளவில் வாட்டர் பாசிட்டிவ்’ என்ற வாசகத்தைப் படிக்கும் எவரும் ‘எந்த ஊரில்?’ என்று கேட்க வேண்டும்.

குளிரூட்டத் தண்ணீரை ஆவியாக்காத புது டேட்டா சென்டர் வடிவமைப்பை மைக்ரோசாஃப்ட் 2024 இறுதியில் அறிவித்தது. அதே தண்ணீர் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். வரவேற்க வேண்டிய முயற்சி. அது எந்த ஊரில், எப்போது நடைமுறைக்கு வரும் என்பதுதான் உள்ளூர் மக்கள் கேட்க வேண்டியது.

‘நாம கேட்டா என்ன ஆகப் போகுது?’

சாதாரண ஊழியர் கேட்டு என்ன மாறப் போகிறது என்று தோன்றலாம். 2019இல் அமேசானில் நடந்ததைப் பார்க்கலாம். ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள், நிறுவனம் பருவநிலைத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும் என்று பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். மே மாதப் பங்குதாரர் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் தோற்றது. ஊழியர்கள் விடவில்லை. செப்டம்பர் 20 அன்று வெளிநடப்பு செய்வதாக அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள், 2040க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்கும் உறுதிமொழியை ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். வெளிநடப்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று நம்புவதும் கஷ்டம்.

இந்தியச் சூழலில் எல்லோராலும் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. வேலை பற்றிய பயம் நிஜமானது. ஆனால் டவுன்ஹால் மீட்டிங்கில் கேள்வி கேட்கலாம். சிஎஸ்ஆர் டேக்குப் பெயர் கொடுக்கும்போதே கேட்கலாம். பெரிய கேள்விகள் தேவையில்லை, நாலு போதும்:

- கம்பெனியின் மொத்த உமிழ்வு கூடியதா, குறைந்ததா? விகிதம் வேண்டாம், டன்னில் எவ்வளவு?
- ஸ்கோப் 3 அந்தக் கணக்கில் இருக்கிறதா?
- பசுமை மின்சாரம் என்பது புதிதாகக் கட்டவைத்த திட்டமா, வாங்கிய சான்றிதழா?
- இந்த ஊரில் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறோம், இதே ஊரில் எவ்வளவு திருப்பித் தருகிறோம்?

பதில் தெரியாது என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

வாக்குறுதி கொடுத்தவரைத் திட்டுவதா?

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மைக்ரோசாஃப்ட் இலக்கை அறிவித்தது, ஆண்டுதோறும் எண்ணை வெளியிட்டது, பின்னடைவை ஒப்புக்கொண்டது. அதனால்தான் இவ்வளவு விமர்சனம். ஒன்றுமே சொல்லாத நிறுவனங்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. இப்படியே போனால், ‘வாயைத் திறந்தால்தானே பிரச்சினை’ என்று எல்லோரும் மௌனமாகிவிட மாட்டார்களா?

அந்த ஆபத்து இருக்கிறது. அதைத் தடுக்கத்தான் எல்லோருக்கும் பொதுவான கட்டாயம் வேண்டும். நேர்மையாகச் சொன்னவருக்குத் திட்டு, சொல்லாதவருக்கு நிம்மதி என்ற நிலை மாற ஒரே வழி, சொல்லாமல் இருக்கும் வாய்ப்பை எடுத்துவிடுவதுதான். ஸ்கோப் 3ஐப் பெரிய நிறுவனங்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமாக்கலாம். டேட்டா சென்டர்களுக்கு அனுமதி கொடுக்கும் மாநில அரசுகள், ஒவ்வொரு மையமும் எடுக்கும் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஆண்டுதோறும் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். பங்குச் சந்தையில் இல்லாத வெளிநாட்டுத் துணை நிறுவனங்களும் செபியின் வளையத்துக்கு வெளியே இருக்கும் என்பதால், மாநில அளவிலான இந்த நிபந்தனை இன்னும் அவசியம்.

2 சதவீதம் தொடரட்டும். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அந்தப் பணம் தேவை. ஆனால் அது மீதி 98 சதவீதத்துக்கான பாவமன்னிப்புச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

அடுத்த சிஎஸ்ஆர் டேயில் மரம் நடுவதை நிறுத்த வேண்டியதில்லை. நட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கம்பெனியின் கடைசி நிலைத்தன்மை அறிக்கையை மொபைலில் திறந்து, மொத்த உமிழ்வு இருக்கும் பக்கத்தை ஒரு முறை தேடிப் பார்த்தால் போதும். அந்த எண் கிடைக்கவில்லை என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது என்று தெரிந்துவிடும்.